தாவீதைக் கேலி செய்ய யாரிடம் அனுமதி?

மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை வழக்கில் ஃப்ளாரன்ஸ் நீதிமன்றம் 2023-இல் அளித்திருக்கும் தீர்ப்பை, யாரோ ஃபேஷன் பத்திரிகைக்காரர்களின் தலைவலி என்று கேலிச்சித்திரக்காரர்களான நாம் ஒதுக்கிவிட முடியாது. ஜிக்யூ இத்தாலியப் பதிப்பு தன் அட்டையில், சிலையும் ஒரு மாடலும் மாறி மாறித் தெரியும்படி அச்சிட்டது. அனுமதி பெறாததற்கு 20,000 யூரோ. பயன்படுத்திய விதத்துக்கு மேலும் 30,000 யூரோ. நம்மை உறுத்த வேண்டியது அந்த இரண்டாவது தொகை. சிலையின் உருவம் தேசத்தின் கூட்டு அடையாளம், அதைத் திரிப்பது அந்த அடையாளத்துக்கு இழுக்கு என்கிறது நீதிமன்றம். உருவத்தைத் திரிப்பதுதானே நம் தொழில்!

பதிப்புரிமை வழக்கென்றால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு டெக்மைன் தீர்ப்பைக் காட்டி, பகடி விலக்கைக் கேட்டிருக்கலாம். 1504-இல் முடிந்த சிலைக்கு ஏது பதிப்புரிமை? இங்கே பிடி இத்தாலியின் பண்பாட்டு மரபுச் சட்டத்திடம் இருக்கிறது. அதில் பகடிக்கென்று தனி விலக்கே இல்லை. பதிப்புரிமை இன்னும் தீராத பிக்காசோவின் குவெர்னிகாவைக் கேலி செய்பவருக்கு உள்ள பாதுகாப்பு, தாவீதைக் கேலி செய்பவருக்கு இல்லாமல் போகிறது.

கருத்துச் சுதந்திரத்துக்கும் படைப்பு வெளிப்பாட்டுக்கும் அச்சட்டத்தின் 108-ஆவது பிரிவு இடம் தருகிறதே என்பார்கள். தருகிறது, லாப நோக்கம் இல்லையென்றால். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. காசு வாங்காமல் வரைந்தால் கருத்து, சன்மானம் வாங்கினால் வியாபாரமா? 1865-இல் மனேயின் ஒலிம்பியா ஓவியத்தைப் பாரிஸ் பத்திரிகைகளில் கேலிச்சித்திரக்காரர்கள் ஷாமும் பெர்தாலும் கிழித்தெடுத்தார்கள்; பெர்தால் ஒரு படத்துக்கு அந்த ஓவியத்தில் உள்ள கறுப்புப் பூனையின் வாலையே தலைப்பாக வைத்தார். துஷானின் ஓவியத்தில் படிக்கட்டில் இறங்கும் நிர்வாண உருவத்தை 1913-இல் நியூயார்க் ஈவினிங் சன் இதழில் கிரிஸ்வோல்ட் சுரங்க ரயில் நெரிசலாக மாற்றினார். எல்லாம் விலைக்கு விற்ற பத்திரிகைகள். கூலியில்லாத கேலிச்சித்திர மரபு என்று ஒன்று இருந்ததே இல்லை. பத்திரிகைகள் நம் சன்மானத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது வாய் திறக்காத அரசுகள், மிச்சமிருப்பதைக் காட்டியே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கின்றன.

அதுவும் எந்த அரசு? 2023 ஏப்ரலில் இத்தாலியக் கலாச்சார அமைச்சகம் உருவப் பயன்பாட்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் விதித்து ஆணை போட்டது. அதே மாதம் சுற்றுலா அமைச்சகம் போத்திச்செல்லியின் வீனஸுக்கு நவீன உடை மாட்டி, கையில் பீட்சா கொடுத்து, செல்ஃபி எடுக்கவைத்து விளம்பரம் செய்தது. அவர்கள் செய்தால் நாட்டுப் பெருமை, நாம் செய்தால் அவமதிப்பு. இந்த இரட்டை அளவுகோலை இவ்விதழ் ஏற்கவில்லை.

இத்தாலிய இதழ்களுக்குப் படம் அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலப் படைப்புக்கான அனுமதியும் அதனால் வரும் அபராதமும் ஓவியர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பதிப்பாளர் மறுத்தால் எங்களுக்கு எழுதுங்கள்.