பூட்டிய கழிப்பறையும் ஒருநாள் யோகாவும்

2015லிருந்து ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று நம் கல்லூரி மைதானங்களில் பாய் விரிக்கிறார்கள். பனியன் அச்சடிக்கிறார்கள், பேனர் கட்டுகிறார்கள், முதல்வர் ஒற்றைக்காலில் நிற்க முயன்று பாதியில் விட்டுவிடுகிறார். ஜியோ டேக் போட்டு எடுத்த புகைப்படங்கள் அன்று மாலையே கோப்பில் ஏறிவிடும். நாக் மதிப்பீட்டுக் குழு வரும்போது ‘மாணவர் நலன்’ என்ற தலைப்பில் அவை காட்டப்படும். முன்வரிசையில் உட்கார வைக்கப்படுவது பெரும்பாலும் மாணவிகள். வரிசை கலையாமல் இருப்பார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அதே மைதானத்தில் ஒரு மாணவி தனியாக ஓடிப்பார்க்கட்டும். ‘இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை?’ என்று கேட்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

யோகாவோடு எனக்குப் பகை இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் உடல்நலத்தைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லும் பாடமாக மட்டுமே வைத்திருக்கின்றன என்பதுதான் என் புகார். பாடம் என்றால் ஒரு சிறப்பு விருந்தினரும் ஒரு பொன்னாடையும் குளிரூட்டிய அரங்கமும் போதும். உடல்நலம் என்பது செய்துதர வேண்டிய ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டால் பணம் ஒதுக்க வேண்டும், ஆள் போட வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். காலை முதல் வகுப்பில் மாணவிகளின் மேசைமீது தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். மாலை கடைசி வகுப்பில் பார்த்தால் அதே பாட்டில், அதே தண்ணீர். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. மூன்று மாடிக் கட்டடத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, மற்றொன்றில் மதியத்தோடு தண்ணீர் நின்றுவிடும். சுத்தமாக இருக்கும் மூன்றாவது பூட்டியிருக்கும், அது ஆசிரியைகளுக்கு. அதன் சாவி துறை அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். அலுவலக உதவியாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண், ஓர் ஆணிடம், சுற்றிலும் நாலு பேர் நிற்கும்போது, கழிப்பறைச் சாவியைக் கேட்க வேண்டும். கேட்கமாட்டாள்; அடக்கிக்கொள்வாள். நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆணி அடித்த சுவர்தான் மாறியிருக்கிறது.

நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. விழிப்புணர்வு முகாமுக்கு வரும் மருத்துவர், ‘நீங்கள் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை’ என்பார். அரங்கமே தலையாட்டும். அவர் சொல்வது சரி. ஆனால் அவருக்குப் பொன்னாடை போர்த்திய நிர்வாகத்துக்கு அந்தச் சாவியை ஆணியிலிருந்து கழற்றத் தோன்றாது.

மாதவிடாய் நாட்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. நாப்கின் எரிக்கும் இயந்திரத்தைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அதன் மின்கம்பி எங்கே போகிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். 2023 ஜனவரியில் கேரள அரசு தன் உயர்கல்வித் துறையின்கீழ் வரும் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 75 விழுக்காட்டுக்குப் பதில் 73 போதும் என்றது. இதை ஆசிரியர் அறையில் சொன்னால் ‘அப்புறம் எல்லாரும் லீவு போட்டுடுவாங்க மேடம்’ என்று ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கம்.

தமிழ் வகுப்பில் பசலையை நடத்துகிறோம். தலைவனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் நிறமாற்றம் என்று உரையாசிரியர்கள் வழியில் விளக்குகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறியிருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வகுப்பில் பாதிக்கு மேல். இந்தப் பசலைக்குத் தலைவன் காரணமில்லை. ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வீட்டில் எல்லாருக்கும் சமைத்துவைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் ஓடிவருகிறாள். பள்ளியில் அவளுக்குக் கிடைத்த மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குமேல் பசிக்காது என்று யார் கணக்குப் போட்டார்களோ.

2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கும் மாதம் 1000 ரூபாயும் எங்கள் கருத்தரங்குகள் எல்லாவற்றையும்விட இந்தப் பெண்களின் உடம்புக்கு நல்லது செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தக் காசில் ஒருத்தி மதியம் முட்டை வாங்கிச் சாப்பிடுகிறாள். இரண்டு திட்டங்களும் கோட்டையிலிருந்து வந்தவை. எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் யோசித்துக் கொடுத்ததில்லை.

வளாகத்துக்கு வெளியேயும் எங்கள் நலப்பணி உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துக்குப் போய்க் கைகழுவும் முறையைப் பெண்களுக்குச் செய்து காட்டுவோம். சோப்பு இல்லாத வளாகத்திலிருந்து சோப்பின் பெருமையைச் சொல்லப் போகும் ஊர்வலம் அது. அப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் விடியற்காலையில் எங்கள் கழிப்பறைகளைக் கழுவ ஒப்பந்தத்தில் பெண்கள் வருகிறார்கள். கையுறை கிடையாது. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, மாடிப்படிக்கு அடியில் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய உடல்நலம் எந்த முகாமின் நிகழ்ச்சி நிரலிலும் வந்ததில்லை.

மனநலத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் அனுப்பிய வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்கின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்த நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பில் அந்த வேலை பெண் ஆசிரியர்களின் தலையில் விழுகிறது. ‘நீங்கதான் அம்மா மாதிரிப் பேசுவீங்க’ என்று இருபது மாணவர்களின் பெயரையும் மென்டர் படிவத்தையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு யாப்பு தெரியும். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு படிக்க வரும் பெண்ணிடம், அவள் சொல்லி முடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை. ஆண் சக ஊழியர்களை யாரும் அப்பா மாதிரிப் பேசச் சொல்வதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

மாணவியின் மனதை அழுத்துவதில் விடுதிக் கதவுக்கும் பங்கு உண்டு. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் அவர்களுக்கு மட்டும் பாகுபாடான விதிகளைப் போடக்கூடாது என்று மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. ஆனாலும் நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்க, மாணவியர் விடுதி ஆறரைக்குப் பூட்டப்படுகிறது. பூட்டிவிட்டு, ‘மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி’ என்று உள்ளே ஒரு சொற்பொழிவு.

உலகில் வேறு மாதிரியும் யோசித்திருக்கிறார்கள். 2015இல் கனடாவின் கெலோனாவில் கூடிய மாநாட்டில் பல்கலைக்கழகங்களுக்கான ஒகனாகன் சாசனம் உருவானது. வளாகத்தின் நிர்வாகம், அன்றாட இயக்கம், பாடம் என எல்லாவற்றுக்குள்ளும் நலம் கலந்திருக்க வேண்டும் என்கிறது அது. நம்மூர் மொழியில் சொன்னால் கட்டட ஒப்பந்தம், கால அட்டவணை, உணவகத்தின் விலைப்பட்டியல், துப்புரவுப் பணியாளரின் கூலி எல்லாம் சுகாதாரத்தில் சேர்த்தி. இதை ஒரு நிர்வாகியிடம் சொன்னபோது ‘மாணவிகளுக்கு முதலில் கழிப்பறையைப் பயன்படுத்தும் நாகரிகம் வரட்டும்’ என்றார். அந்த மாடிக்குத் துப்புரவுப் பணியாளர் ஒரே ஒருவர்தான், அவருடைய வேலைநேரம் இரண்டு மணிக்கு முடிகிறது. பிறகு ஐந்து மணிவரை அறுநூறு பேர் புழங்கும் இடம் நாறத்தான் செய்யும். நாகரிகத்தை அந்த ஒப்பந்தத்தில் தேடியிருக்கலாம்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. அரசுக் கல்லூரியும் அரசுப் பல்கலைக்கழகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் போதும். வளாகத்தில் எத்தனை பெண்கள், அவர்களுக்கு எத்தனை கழிப்பறைகள், அவற்றில் பூட்டி வைத்திருப்பவை எத்தனை, துப்புரவுப் பணியாளர்கள் எத்தனை பேர், எத்தனை மணிவரை வேலை, ஆலோசகரின் பெயரும் தகுதியும் என்ன, கடந்த யோகா தினத்தில் பேனருக்கும் பனியனுக்கும் செலவானது எவ்வளவு என்று கேளுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஆளுக்கொரு மனுவாகப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.