கோரைப்பல்லும் பற்பசையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, தெரு ஓய்ந்த பிறகு, விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கூடத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, 1942-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டேன். கதாநாயகனோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன்னந்தனியாக நீச்சல் குளத்தில் இறங்குகிறாள். தண்ணீரில் பட்ட ஒளி சுவரிலும் கூரையிலும் பாம்பாய் நெளிகிறது. எங்கிருந்தோ ஓர் உறுமல் கேட்கிறது. அந்த க்ஷணத்தில் படம் நின்றது. கரிய அங்கி போர்த்த டிராகுலா ஒருவன் குதித்து வந்து, இரண்டு கோரைப் பற்களையும் காட்டி இளித்து, தன் பல்லின் வெண்மைக்குக் காரணமான பற்பசையின் மகிமையைப் பாடி ஆடிவிட்டுப் போனான். குளம் மறுபடி திரைக்கு வந்தபோது பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, பேயைக் காட்டவே மாட்டான் போலிருக்கே! பழைய பேய்ப்படம்னாலே காமெடிதான்" என்றான்.

இது அவன் சொந்த அபிப்பிராயமாக இருந்தால் மன்னித்திருப்பேன். பழைய பயங்கரப் படங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும் என்பது, படித்தவர், படிக்காதவர், விமர்சனம் எழுதிச் சம்பாதிப்பவர் ஆகிய சகலரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டுவிட்ட சித்தாந்தமாக இன்று உலவுகிறது. இந்தச் சித்தாந்திகளில் யாரையாவது நிறுத்தி, அப்படிச் சிரித்தது எந்தப் படத்தைப் பார்த்து என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அவர் பார்த்தது படத்தை அல்ல; பற்பசையை, பிஸ்கட்டை, வண்ணப் பூச்சை, கொசுவர்த்தியை.

'கேட் பீப்பிள்' படத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவர் முன்னால் வரட்டும். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் முதலாளிகள், பயங்கரப் படத்தில் லாபம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கதை ஒன்றுமில்லாமல் வெறும் தலைப்பை மட்டும் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரின் கையில் கொடுத்து, இதற்கு ஒரு படம் எடு என்றார்கள். செலவுக்குக் கிடைத்தது ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவு. கதாநாயகி வீட்டின் மாடிப்படிகூட ஆர்சன் வெல்ஸ் படத்துக்காகக் கட்டி மிச்சமாய்க் கிடந்தது. அந்தத் தரித்திரத்தில் லூட்டனும் டைரக்டர் ழாக் டூர்னரும் செய்த காரியத்தைக் கேளுங்கள். நள்ளிரவில் பூங்காச் சுவரோரம் அதே பெண் நடந்து போகிறாள். குதிகால் செருப்பின் சத்தம்; பின்னால் இன்னொரு ஜோடிச் செருப்பின் சத்தம். ஒரு விளக்கடி, பிறகு இருட்டு, மறுபடி ஒரு விளக்கடி. திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அவள் நடை ஓட்டமாகிறது, நமக்கும் மூச்சு முட்டுகிறது, அப்போது மிருகம் சீறுவதுபோல் ஒரு சத்தத்தோடு திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வருவது பஸ்! சாதாரண டவுன் பஸ், பிரேக் போட்ட சத்தம். இந்த ஒரு தந்திரத்தைத்தான் எண்பது வருஷமாகப் பேய்ப்படக்காரர்கள் திருப்பித் திருப்பிக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வட்டிக்குப் பதில் பரிகாசம்.

முதலாளிகள் வற்புறுத்தியதன் பேரில் ஓர் இடத்தில் கருஞ்சிறுத்தையை நேராகக் காட்டினார்கள். படத்திலேயே பயம் குறைந்த இடம் அதுதான்.

டிராகுலாவுக்கு வருகிறேன். பெலா லுகோசி நடித்து 1931-ல் வந்த 'டிராகுலா' படத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டு, அதில் எத்தனை கோரைப்பல் எண்ணினீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லை! மனுஷன் வாயை மூடிக்கொண்டு, கண்ணாலேயே ரத்தத்தைக் குடித்தார். பல் வைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். அதற்குப் பசை தடவியவர்கள் அதற்கும் பின்னால். 1971-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி, குழந்தைகள் பாலில் போட்டுச் சாப்பிடும் காலைத் தின்பண்டத்துக்குச் சாக்லேட் சுவையோடு ஒரு டிராகுலாவையும், ஸ்ட்ராபெரி சுவையோடு ஒரு ஃபிராங்கன்ஸ்டைனையும் முகமாக வைத்தது. லுகோசியின் முகத்தைப் பொம்மைக்கும் சட்டைக்கும் வாடகைக்கு விட்ட ஸ்டூடியோவின்மேல் அவருடைய மகனும் விதவையும் தொடுத்த வழக்கில், அந்த முகத்தின்மேல் வாரிசுகளுக்குப் பாத்தியதை இல்லை என்று 1979-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. செத்தவனின் முகம் யாருடையது என்ற கேள்விக்கு, விற்கத் தெரிந்தவனுடையது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த பூதம், ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு பூப் போட்டு மிதக்கவிட்டு விளையாடி, பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நம்பித் தூக்கிப் போட்டுவிட்டுத் திகைத்து ஓடும் காட்சியைப் பார்த்தவனுக்கு, அந்தத் தட்டைத் தலையை ஸ்ட்ராபெரியோடு சேர்த்து நினைக்க மனம் வருமா?

அந்தக் காலத்திலும் விளம்பர ஆர்ப்பாட்டம் இருந்ததே, 1958-ல் வில்லியம் காஸில் என்பவர் தம் படத்தைப் பார்த்துப் பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் இன்ஷூரன்ஸ் என்று அறிவிக்கவில்லையா, மறு வருஷம் நாற்காலிக்கு அடியில் அதிரும் மோட்டார் வைக்கவில்லையா என்று சிலர் கிளம்புவார்கள். காஸிலை இதில் இழுக்க வேண்டாம். அவர் பயத்தை விற்றார். இந்தப் பற்பசைக்காரர்கள் பயத்தைக் கொன்று தோலை விற்கிறார்கள். மேலும், படத்துக்கு ஒரு சத்தமும் விளம்பரத்துக்கு இரண்டு மடங்குச் சத்தமும் வைக்கும் அயோக்கியத்தனம் அவரிடம் இல்லை. சினிமாக் கொட்டகைக்குப் போனாலாவது தப்பலாம் என்றால், அங்கே நகைக்கடைக்காரரும் மனை விற்பவரும் ஜவுளிக்கடை முதலாளியும் வரிசையாக வந்து கையெடுத்துக் கும்பிட்டு முடித்த பிறகே படம் ஆரம்பமாகிறது. ஆரம்பமானால் நம் ஊர்ப் பேயும் இரண்டு பாட்டுக்கு ஆடி, மூன்று ஹாஸ்ய நடிகர்களைத் துரத்தி, கடைசியில் தன் சோகக் கதையைச் சொல்லி அழுகிறது. 'கேட் பீப்பிள்' ஓடும் நேரம் மொத்தமே 73 நிமிஷம். அவ்வளவு நேரம் நம் பேய்க்கு அழுகைக்கே போதாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை, அதே பையனை உட்காரவைத்து, முதலிலிருந்து போடப் போகிறேன். விளம்பரம் குறுக்கிடாமல் இருக்க மாதச் சந்தா கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். விளம்பரத்தைக் காட்டினவனும் காட்டாதிருக்கக் காசு வாங்கினவனும் ஒருவனே என்பது ரசீது வந்த பிறகுதான் உறைத்தது.