இலக்கணம் தெரியாதது மேதைமை அல்ல

திரைக்கதையின் அடிப்படைகளைக் கற்றால் படைப்பாற்றல் மழுங்கும், மூன்று அங்கக் கட்டமைப்பு ஹாலிவுட்காரன் நம் தலையில் கட்டிய சரக்கு, பாத்திரத்தைப் படைத்துவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று மேடைதோறும் முழங்கிவருகிறார் நண்பர் ஒருவர். அந்த வாதத்தை அவர் ஒருமுறையாவது உரசிப் பார்த்திருக்கிறாரா?

இறக்குமதிச் சரக்காம். 1979-இல் சிட் ஃபீல்ட் மூன்று அங்கக் கட்டமைப்பை விளக்கிப் புத்தகம் போட்ட பிறகுதான் உலகம் கதை கட்டக் கற்றுக்கொண்டதா? நாட்டிய சாத்திரம் வகுத்த ஐந்து சந்திகள் அவர் காதில் விழவில்லை, போகட்டும்; சிலப்பதிகாரமுமா விழவில்லை? 30 காதைகளில் கொலைக்களக் காதை 16-ஆவது. கோவலன் வெட்டுண்டு விழுவது காப்பியத்தின் நட்டநடுவில். 9-ஆம் காதையில், பொருளெல்லாம் தொலைத்து வந்து நிற்கும் கணவனிடம் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் கண்ணகி. அதே காதையில், குளத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்ற தேவந்தியின் யோசனையை, தனக்கு அது பெருமையில்லை என்று தள்ளிவிடுகிறாள். பின்னால் 20-ஆம் காதையில் பாண்டியன் அவையில் உடையப்போகும் பொருளையும், அதை உடைக்கும் நெஞ்சுரத்தையும் இளங்கோ ஒரே இடத்தில் விதைத்துவிட்டார். பாத்திரம் வேறு, கட்டமைப்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர் இந்த ஒரு காதைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

இயக்குநர் மகேந்திரன் எந்தப் பாடம் படித்தார் என்று கேட்கிறார் நண்பர். ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களுக்கு எழுதி எழுதிக் கை பழகிய பிறகு ‘முள்ளும் மலரும்’ எடுத்தவர் பாடம் படிக்காதவரா? கல்யாணத்துக்குப் புறப்பட்ட தங்கை தன்னிடமே திரும்பி ஓடிவந்த பின்புதான் அந்தப் படத்தின் நாயகன் காளி இறங்கிவருகிறான். அப்போதும் அவளை மணக்கவிருக்கும் இன்ஜினீயரைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே அவளை ஒப்படைக்கிறான். அதுவரை வந்த ஒவ்வொரு காட்சியும் அவனுடைய வீம்பையும் பாசத்தையும் முடுக்கிக்கொண்டே வந்ததால் அல்லவா அந்த முடிவு நம்மை உலுக்குகிறது?

பக்கம் எண்ணித் திருப்பம் வைக்கும் வாய்பாட்டை நானும் ஏற்கவில்லை. ஆனால் வாய்பாட்டைக் காட்டி இலக்கணத்தையே விரட்டுவது எந்த ஊர் நியாயம்? இதே நண்பர், புதிதாகக் கதை சொல்ல வரும் இளைஞனிடம் ‘செகண்ட் ஹாஃப் தொங்குது, இன்டர்வல் பிளாக் பத்தல’ என்கிறார். அது கட்டமைப்பு விமர்சனமன்றி வேறென்ன? தீர்ப்புச் சொல்லத் தமக்கு மட்டும் அந்த அறிவு வேண்டும், எழுத வருகிறவனுக்கு அது கூடாது! அது பரவினால், கதை விவாத அறைகளில் ஆண்டுக்கணக்கில் கைகட்டி நிற்கும் உதவி இயக்குநர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். அவருடைய அச்சம் அதுதான்.

எழுத வரும் தம்பிகளே, தங்கைகளே, இந்த உபதேசத்தை நம்பி ஆண்டுகளைத் தொலைக்காதீர்கள். சிலம்பின் 9-ஆம் காதையையும் 20-ஆம் காதையையும் அடுத்தடுத்து வைத்து இன்றே படியுங்கள்.