இலக்கணம் எவர் வீட்டுச் சொத்து?

'இலக்கணம் புலவர்க்குரியது, பாட்டாளிக்கு ஏன்?' என்று கேட்போர் உண்டு. காரைக்காலில் வலை இழுக்கும் தோழனுக்குச் சொல்வோம்: 'மாநாட்டுக்கு வா' என்று அழைக்கிறாயே, அந்த இரண்டு சொல்லில் தொல்காப்பியம் கூறும் நால்வகைச் சொல்லும் அடக்கம்! 'மா' உரிச்சொல், 'நாடு' பெயர்ச்சொல், 'கு' இடைச்சொல், 'வா' வினைச்சொல்.

அண்டையிலுள்ள தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். பத்தே ஆண்டில், 1716-இல், இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது, கடலோரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கசப்பானேன்?

குறை பிள்ளையிடம் இல்லை; கற்பிக்கும் முறையில் இருக்கிறது. நூற்பாவை நெட்டுருப் போடச் சொல்கிறோம். அவன் வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்க மறுக்கிறோம்.

'முதலாளி கொடுத்த பணம்', 'முதலாளிக்குக் கொடுத்த பணம்' - இடையில் நிற்கும் ஒரு 'கு', கொடுத்தவன் யார், வாங்கியவன் யார் என்பதையே புரட்டிவிடுகிறது! அதை அறியாமல் கையெழுத்திட்டால் இழப்பு யாருக்கு? புலவருக்கா? உழைப்பவனுக்கல்லவா!

ஆகவே தோழர்களே, படிப்பகந்தோறும் மாலையில் அரைமணி நேரம் இலக்கணத்துக்கு ஒதுக்குவோம். நம் நாவில் இருக்கும் இலக்கணம், இனி நம் அறிவிலும் இருக்கட்டும்!