பால் பொங்கியது தெரியவில்லை



சென்ற மாதம் எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, சட்டியும் அடிப்பிடித்துப் போயிற்று. அடுப்புக்கு ஐந்தடி தூரத்தில்தான் நான் கதிரையில் இருந்தேன். எனக்கு மணமும் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழும்பினேன்.

கனடாவிலிருந்து வந்த என் அக்காவின் மகன் கொண்டுவந்த சாமான்தான் காரணம். நீச்சல்காரர் போடும் கண்ணாடி போல ஒரு பெட்டி. அதை முகத்தில் மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்கிறோம். நான் ஒரு மலை உச்சியில் நின்றேன். கீழே பார்த்தால் பள்ளம். "சின்னம்மா, பயப்படாதேங்கோ, அது சும்மா படம்" என்று அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் கதிரையின் கையை நான் விடவில்லை.

இதை மெய்நிகர்க் காட்சி என்கிறார்கள். உள்ளே இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம், ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக. அதனால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. அதனால்தான் மனம் ஏமாந்துவிடுகிறது. 1968 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்பவர் இப்படியொரு கருவியைச் செய்து காட்டியபோது, அது தலையால் தாங்க முடியாத பாரமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட்டார்களாம். இன்று அதை என் பெறாமகன் பயணப்பையில் போட்டுக் கொண்டுவருகிறான்.

"பெடியள் விளையாடுற சாமானை ஏன்டா எனக்குப் போட்டனி?" என்று ஏசினேன். "விளையாட்டுக்கு மட்டும் இல்லை சின்னம்மா, இதை வைச்சுப் பெரிய வியாபாரம் நடக்குது" என்றான். அதன் பிறகு நானும் தேடித் தேடி வாசித்தேன்.

வியாபாரம் நடப்பது உண்மைதான். 1990களின் தொடக்கத்திலேயே ஜப்பானில், பின்னாளில் பனசோனிக் என்று பெயர் மாறிய மற்சுஷிற்றா குழுமம், ரோக்கியோவில் இதைக் கொண்டு குசினி விற்றது. வாங்க வந்தவர் கருவியைத் தலையில் மாட்டி, கையுறையையும் போட்டுக்கொண்டு, இன்னும் கட்டப்படாத தன் குசினிக்குள் நடந்து பார்ப்பார். அலுமாரிக் கதவைத் திறக்கலாம். தட்டு எட்டாத உயரத்தில் இருந்தால் அப்போதே சொல்லி மாற்றலாம். ஆண்கள் கட்டித்தந்த எத்தனை குசினிகளில் உப்புப் போத்தல் எடுக்க முக்காலி வைத்து ஏறுகிறோம்! அமெரிக்காவின் வோல்மார்ட் கடைகள் 2018 இல் 17,000 கருவிகளை வாங்குவதாக அறிவித்தன. பண்டிகைக்கால நெரிசலை எப்படிச் சமாளிப்பது என்று வேலையாட்களுக்குப் பழக்குவதற்காக.

இவை இருக்கட்டும். என்னை நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. தீக்காயத்துக்கு மருந்து கட்டும் நேரத்தில் இந்தக் கருவியைப் போடுகிறார்கள் என்பது.

தீக்காயம் பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எரிந்த நேரத்து வலி ஒன்று, பிறகு ஒவ்வொரு முறையும் கட்டு அவிழ்க்கும் வலி வேறொன்று. படுத்திருக்கும்போது உள்ள நோவை மோர்பீன் போன்ற மருந்துகள் ஓரளவு அடக்கும். புண்ணைக் கழுவி, செத்த தோலை எடுத்து, ஒட்டிய துணியை இழுக்கும்போது வரும் வலியைப் பல வேளைகளில் அவற்றாலும் அடக்க முடிவதில்லை.

1996 இல் நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு எரித்த விளக்கு உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு எண்ணெய் விடப்போன இடத்தில்தான் எனக்குப் பிடித்தது. வலது முன்கையும் தொடையும். (போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்கள் இந்த நாட்டில் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத, கவிழாத, திருகுமூடி போட்ட கட்டையான கண்ணாடி விளக்கை உருவாக்கி 1992 முதல் பரப்பினார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.)

வைத்தியசாலையில் மருந்து குறைவு. உப்புநீர் விட்டு நனைத்து நனைத்துத் துணியை எடுப்பார்கள். தாதியைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளையும் அழுதுகொண்டுதான் எடுத்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த ஓர் ஆச்சி கேட்டார்.

"பிள்ளை, உங்கட பக்கத்தில ஒடியற் கூழுக்கு முதலில என்ன போடுறனீங்கள்?"

எனக்கு எரிச்சல். பேசாமல் இருந்தேன். ஆச்சி விடவில்லை. "ஒடியல் மாவைத்தானே முதலில கொட்டிறது?" என்றார்.

"இல்லையணை, மாவை ஊறப்போட்டுக் கைச்சல் தண்ணியை வடிக்க வேணும்."

"அப்ப நண்டு கடைசியிலயோ?"

"கடைசியில போட்டால் நண்டு எப்பிடி அவியும்? அதோட பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் முதல் அவிய வேணும்."

ஆச்சி வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் பிழையாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் திருத்தினேன். செத்தல் மிளகாய் அரைத்து, புளி கரைத்து, பிலாவிலை கோலி முடியும்போது தொடைக் கட்டும் முடிந்திருந்தது. நோகவில்லை என்று சொன்னால் பொய். நொந்தது. ஆனால் முதல் நாட்களைப் போல் கத்தவில்லை. ஆச்சி ஏதோ தெய்வப் பிறவி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

இப்போது வாசித்தால், அதே 1996 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் இரண்டு பேர் இதையே ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் வோஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஹண்டர் ஹொவ்மன். மற்றவர் அங்குள்ள தீக்காயப் பிரிவில் நோவாளரோடு வேலை செய்த டேவிட் பற்றர்சன். அவர்கள் சொல்வது இதுதான்: வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். மனிதரின் கவனம் ஓர் அளவானது. கண்ணையும் காதையும் கையையும் வேறெங்காவது பிடித்து வைத்தால், வலிக்குக் கிடைக்கும் கவனம் குறையும். என் பால் பொங்கியதும் அப்படித்தான்.

அவர்கள் முதலில் பாவித்த காட்சி என்ன தெரியுமா? ஒரு குசினி! சிலந்திக்குப் பயப்படுபவர்களின் பயத்தைப் போக்கச் செய்த காட்சி அது. அலுமாரியைத் திறக்கலாம், பாத்திரத்தைத் தூக்கலாம். 16, 17 வயதான இரண்டு பையன்களுக்குக் காயத்துக்கு மருந்து போடும்போது ஒரு பகுதி நேரம் இதையும், மறு பகுதி நேரம் சாதாரண நின்ரெண்டோ விளையாட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். குசினிக்குள் நின்ற நேரத்தில் வலி மிகக் குறைவாக இருந்தது என்று இருவரும் சொன்னார்கள். 2000 ஆம் ஆண்டில் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. அதை வாசித்தபோது எனக்கு ஆச்சியின் கூழ்ப் பானைதான் முன்னால் வந்தது.

பிறகு தீக்காயத்துக்கென்றே ஸ்னோவேர்ல்ட் என்ற காட்சியைச் செய்தார்கள். பெயரே சொல்கிறது, பனியுலகம். நெருப்பின் நினைவே வராத இடம். நோவாளர் பனிப் பள்ளத்தாக்கினூடே மெதுவாக மிதந்து போவார். பென்குவின்கள் மீதும் பனிமனிதர் மீதும் பனிக்கட்டி உருண்டை எறிவார். வேகமாகப் போனால் தலைசுற்றி வாந்தி வரும் என்பதால் மெதுவாகப் போகும்படி அமைத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் புண் கழுவும்போது மின்சாரம் ஆபத்தல்லவா? அதற்காகக் கண்ணாடி இழை வழியே வெளிச்சம் மட்டும் போகும் தனிக் கருவி செய்தார்கள். 2004 இல், சுகதேகிகளின் காலில் சூடு வைத்து மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, வலியோடு சம்பந்தப்பட்ட ஐந்து பகுதிகளின் இயக்கம் உண்மையிலேயே குறைந்திருந்தது. "மனப்பிரமை" என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கவில்லை. மருந்தோடு கூடத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தானும் ஏதாவது செய்யும்போது வலி கூடுதலாகக் குறைகிறது என்று 2009 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆச்சி எனக்குக் கதை சொல்லவில்லை, என்னிடம் கேள்வி கேட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வலியைக் குறைக்கும் இந்த வழி இப்போது கடைக்கும் வந்துவிட்டது. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நாட்பட்ட இடுப்புவலிக்கு ஒரு மெய்நிகர்க் கருவியை அனுமதித்தது. வைத்தியர் துண்டு எழுதித் தர, வீட்டில் எட்டு வாரம் பாவிப்பது. மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி எல்லாம் அதற்குள். நல்லதுதான். ஆனால் துண்டு எழுதும் வைத்தியரும் காசு கட்டும் காப்புறுதியும் உள்ள இடத்தில்தான் இந்த வியாபாரம் ஓடும்.

இன்னொரு பாவனையையும் சொல்லாமல் விட முடியாது, அது நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. 1997 இல் அட்லாண்டாவில், வியட்நாம் போரிலிருந்து திரும்பி இருபது முப்பது வருடமாகியும் நித்திரையின்றித் தவித்த முன்னாள் படையினருக்கு ஹெலிகொப்டரும் காடும் உள்ள காட்சி ஒன்றைக் காட்டி, அந்த நினைவை மெல்ல மெல்லப் பேச வைத்தார்கள். பிறகு ஈராக் போருக்கும் கலிபோர்னியாவில் அப்படிச் செய்தார்கள். அதில் ரயர் எரியும் மணம், டீசல் மணம்கூட ஊதிவிடுவார்கள். இது பனியுலகத்துக்கு நேர் எதிரான வழி. அது காயத்திலிருந்து மனத்தை அப்பால் கொண்டுபோகிறது. இது காயத்துக்குள்ளேயே கூட்டிச் செல்கிறது.

பெண்ணுக்கும் இது பயன்பட்டிருக்கிறது. 2001 இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் தப்பிய ஓர் இளம்பெண், வேறு சிகிச்சையால் சுகமாகாமல் இருந்து, ஒவ்வொரு மணித்தியாலமாக ஆறு அமர்வுகளில் நன்றாகத் தேறினாள் என்று 2002 இல் எழுதியிருக்கிறார்கள். அதிலும் ஹொவ்மன் பங்கெடுத்திருந்தார். ஆனால் ஈராக் காட்சிக்கான பணம் படைத்துறையிலிருந்து வந்தது. ஆகவே அது படையினர் கண்ட தெரு. அந்தத் தெருவோரத்தில் நிற்கும் பெண் அதில் ஒரு பின்னணி உருவம் மட்டும்தான். அவளுக்கும் நித்திரை வராது என்பதை யோசிக்க ஆளில்லை. இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

சகோதரிகளே, ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையில் பக்கத்தில் பயின்ற ஒருவர் இருப்பார். எதைக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முகம் பார்த்து முடிவு செய்வார். இரவில் தனியே இருந்து கைத்தொலைபேசியில் பழைய யுத்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது சிகிச்சை ஆகாது. எங்களில் சிலர் மே மாதம் வந்தால் அப்படிச் செய்கிறோம், எனக்குத் தெரியும். அடுத்த நாள் எழும்ப முடியாமல் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். நெஞ்சு படபடத்தால் அணைத்துவிட்டு, பக்கத்தில் யாரையாவது கூப்பிடுங்கள். நாட்கணக்கில் விடாவிட்டால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள்.

தீக்காயம் உள்ளவர் வீட்டில் இருந்தால், கட்டு மாற்றுவதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன்பு வலிநிவாரணி கொடுக்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், அது உங்கள் உரிமை.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொதிநீர் கொட்டி, கட்டு மாற்ற நானும் கூடப் போனேன். தாய் கைத்தொலைபேசியில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்தார். துணியைத் தொட்டதுமே பிள்ளை அதைத் தள்ளிவிட்டாள்.

"உங்கட கோழி ஆறு குஞ்சுதானே பொரிச்சது?" என்று கேட்டேன்.

"இல்லை, ஒன்பது."

"எல்லாம் வெள்ளை."

"இல்லை! மூண்டு கறுப்பு."

"பருந்து தூக்கினது வெள்ளைக் குஞ்சை."

"பருந்து ஒண்டையும் தூக்கேல்லை! அம்மா கூடையால மூடிப்போட்டா!"

கடைசி மூலையை எடுத்தபோது கத்தி அழுதாள்தான். புதுக் கட்டைப் போட்டு, தாதி கையைக் கழுவப் போன பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நொண்டுகிற கறுப்புக் குஞ்சைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லையாம்.