ஹீட்டர் சூடாகட்டும், சமன்பாடு பிறகு வரட்டும்

பொறியியல் கல்லூரிகளில் கட்டுப்பாட்டியல் பாடம் பெரும்பாலும் லாப்லாஸ் மாற்றத்தில் தொடங்குகிறது. ஆய்வக நேரமும் கணினி சிமுலேஷனிலேயே கழிகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். மாணவர் முதலில் தன் கையால், வெளியீட்டை அளந்து உள்ளீட்டைத் திருத்தும் ஒரு பின்னூட்டச் சுற்றைக் கட்ட வேண்டும். இந்த இயல் வளர்ந்த வழியும் அதுதான். பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக், நெடுந்தொலைவுத் தொலைபேசி ஆம்ப்ளிஃபயர்களில் குரல் சிதைவதைக் குறைக்க 1927இல் எதிர்ப் பின்னூட்டத்தைக் கண்டறிந்தார். அப்படிக் கட்டிய ஆம்ப்ளிஃபயர்கள் சில சமயம் தாமாகவே அலைவுறத் தொடங்கின. எப்போது அலைவுறும், எப்போது அடங்கும் என்பதற்கு நைக்விஸ்ட் 1932இல் விதி தந்தார். அந்தத் தொல்லையைப் பார்த்தே இராத மாணவருக்கு அவ்விதி வெறும் மனப்பாடம்தான்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு பவர் டிரான்சிஸ்டர், அதோடு ஒட்டிய எல்எம்35 வெப்ப சென்சார், ஓர் ஆர்டுயினோ போதும். டிரான்சிஸ்டரைச் சூடாக்கி 50 டிகிரியில் நிறுத்த வேண்டும். பிழையின், அதாவது இலக்குக்கும் அளந்த வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தின், அளவுக்கேற்ப மட்டும் மின்சாரம் கொடுத்தால், வெப்பம் 50ஐத் தொடாமல் கீழேயே நின்றுவிடும். 50ஐத் தொட்டால் பிழையும் இல்லை, மின்சாரமும் இல்லை அல்லவா? பிழைகளைக் கூட்டிக்கொண்டே வரும் பகுதியைச் சேர்த்தால் அந்தக் குறை தீரும். ஆனால் ஹீட்டர் தன் உச்ச வரம்பில் ஓடும்போதும் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போவதால், வெப்பம் இலக்கைத் தாண்டிவிடும். தாண்டியது எளிதில் இறங்காது, ஏனெனில் இந்தச் சுற்றுக்குச் சூடாக்கத்தான் தெரியும். சென்சாரைச் சற்றுத் தள்ளி வைத்தாலோ தகவல் தாமதமாகிறது. அதுவரை அடங்கியிருந்த வெப்பம் ஏறி இறங்கி ஊசலாடத் தொடங்கலாம்.

வரம்பு, தாமதம் எல்லாவற்றையும் சிமுலேஷனிலும் சேர்க்கலாமே என்பார்கள். சேர்க்கலாம், ஆனால் அவை இருப்பது முன்பே தெரிந்தவரால்தான் அது முடியும். கொதிகலனையும் விமானத்தையும் மாணவர் கையில் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. அங்கே சிமுலேஷன்தான் வழி. ஆனால் அந்தச் சிமுலேஷனை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்க, நிஜச் சுற்று கணக்கை மீறுவதைப் பார்த்த அனுபவம் வேண்டும். செலவும் தடையல்ல. ஐஐடி பம்பாய் உருவாக்கிய சிறிய ஹீட்டர் அமைப்பை இணையம் வழியே தொலைவிலிருந்தும் இயக்க முடிந்திருக்கிறது; இப்படி ஒரே கருவியைப் பலர் பகிரலாம். நேரம் போதாதென்றால், கையால் வரையவைக்கும் வரைபடங்களில் சிலவற்றைக் கைவிடலாம். செய்முறைத் தேர்வில், அளந்த வளைவும் கணக்கிட்ட வளைவும் எங்கே, ஏன் பிரிகின்றன என்று விளக்குவதற்கே அதிக மதிப்பெண் தர வேண்டும்.