சாமிக்கும் ஒரு போட்டோ

காமிரா என்பது ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது தெருக்கோடிக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இருபத்து நாலு மணி நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது நல்லதா, கெட்டதா என்று பட்டணத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பிரசங்கம் கிடைக்கும். பிரசங்கம் வேண்டாம், அபிப்பிராயம் போதும் என்று தோன்றியதால், குரும்பலூர்ப் பக்கம் போயிருந்த சமயத்தில் அங்கே கேட்டுப் பார்த்தேன்.

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற சாலையில் இருக்கிறது குரும்பலூர். பேரூராட்சி, ஒரு கலைக் கல்லூரி உண்டு. சுற்றுவட்டாரத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். வேப்ப மரத்து நிழலில் நாலைந்து பெண்கள் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம்தான் பேச்சுக் கொடுத்தேன்.

ஒரு தாயார் சொன்னார்: "இருக்கட்டும்மா. காலேஜுக்குப் போன மக பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வர்ற வரைக்கும் வயித்துல நெருப்புத்தான். அந்தப் பெட்டி பார்த்துக்கிட்டு இருக்குன்னா ஒரு தைரியம்."

மகள் பக்கத்திலேயே இருந்தாள். "பின்னாலே வர்ற பையனை அது பார்க்குதோ இல்லையோ, நான் யார்கூட நின்னு பேசினேங்கறதை ஊரே பார்த்துடுது" என்றாள். தாயார் ஒரு முறை முறைத்தார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது.

அங்கிருந்தவர்களில் வயதான பாட்டியம்மாள் கை வேலையை நிறுத்தாமலே பேசினார்: "பார்த்துக்கிட்டே இருந்தா ஆச்சா கண்ணு? பார்த்தது என்னாச்சுன்னு ஒரு ஆளு பார்க்கணுமில்ல? பட்டறையில ஒரு கூடை வெங்காயம் குறைஞ்சா விடியறதுக்குள்ள தெரிஞ்சு போயிடும். ஸ்ரீபுரந்தான் சாமி போனது ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே தெரிஞ்சுது!"

பட்டறை என்றால் பட்டணத்து வாசகிகள் கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தில் வயலோரமாகக் காற்றோட்டமாய் அமைத்து, வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். 2019 டிசம்பரில் வெங்காய விலை வானத்துக்கு ஏறியதல்லவா? அப்போது இந்த ஜில்லாவில் விதை வெங்காயம் களவு போன சமாசாரம் பத்திரிகைகளில் வந்தது. சொந்தக்காரர் கணக்கு வைத்திருந்தார். களவு உடனே தெரிந்துவிட்டது.

ஸ்ரீபுரந்தான் சங்கதி வேறு. அது உடையார்பாளையம் தாலுகாவில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் கிராமம். இன்று அரியலூர் மாவட்டம். 2007 நவம்பரில்தான் அரியலூர் மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஆகவே களவு நடந்த 2006ல் அந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. குரும்பலூர்ப் பாட்டி "எங்க ஜில்லா சாமி" என்று உரிமை கொண்டாடியதில் தப்பில்லை.

அங்கே சோழர் காலத்துப் பிருகதீசுவரர் கோயில். அதில் நாலடிக்குச் சற்று அதிகமான உயரத்தில், திருவாசியோடு கூடிய ஒரு நடராஜர். பதினோராம் அல்லது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செம்பு வார்ப்பு. கோயிலில் பூஜை நின்றுபோய், கதவு அநேகமாக மூடியே கிடந்தது. மூடிய கதவைப் பார்த்தவர்கள் உள்ளே சாமி பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்தார்கள். 2008ல் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் நடராஜரும் கூட இருந்த விக்கிரகங்களும் இல்லையென்று தெரிந்தது. அதற்குள் அவர் பூமியின் மறுபக்கத்தில் இருந்தார்.

நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்பவர் ஒரு கலைப்பொருள் கடை நடத்தினார். 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரிடமிருந்து இந்த நடராஜரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய்! கூடவே பத்திரங்களும் கொடுத்தார்கள். சூடான் தேசத்துக்காரர் ஒருவர் 1970ல் டில்லிக் கடையொன்றில் வாங்கி, பிறகு வெளிநாட்டுக்கு எடுத்துப் போனதாக அவை சொல்லின. ஏன் 1970? பழம்பொருள்களை நாட்டை விட்டுக் கொண்டுபோவதைக் கடுமையாகத் தடுக்கும் சட்டம் இங்கே 1972ல் வந்தது. அதற்கு முன்பே போய்விட்டது என்று காகிதம் சொன்னால் வாங்குகிறவர்களின் மனச்சாட்சிக்குச் சௌகரியம். புடவைக் கடையில் "இது நேற்று வந்த சரக்கு" என்று சொல்வார்கள். இந்த வியாபாரத்தில் "இது எப்போதோ போன சரக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காகிதக் கோட்டையை இடித்தது ஒரு போட்டோ.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. ழான் ஃபிலியோசா என்ற அறிஞர் 1955ல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் ஆட்கள் காமிராவை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போக ஆரம்பித்தார்கள். பெரிய கோயில், பாழடைந்த கோயில் என்று பார்க்கவில்லை. தூண், சிற்பம், செப்புத் திருமேனி எல்லாவற்றையும் படம் பிடித்து, ஊர்ப் பெயர் எழுதி, வரிசைப்படுத்தி வைத்தார்கள். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எடுத்த நாளில் அவர்களுக்குத் திருடனைப் பிடிக்கும் யோசனை எதுவும் கிடையாது. சிற்பக் கலையை ஆராயத்தான் எடுத்தார்கள்.

அந்த அலமாரியில் 1990களில் எடுத்த ஸ்ரீபுரந்தான் நடராஜரின் படமும் இருந்தது. 1970ல் டில்லியில் விலைபோன சாமி, இருபது வருஷம் கழித்து அரியலூர்க் கிராமத்துக் கோயிலில் எப்படி நிற்பார்? 2013ல் அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியாவில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

"நடராஜர் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறார்? இவர்தான் அவர் என்று எப்படிச் சொன்னார்கள்?" என்று சில வாசகிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோற்றம் ஒன்றுதான்; ஆனால் எந்த இருவரும் ஒருவரல்ல. வார்க்கும் முறையே அப்படி. ஸ்தபதி முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்துகொள்வார். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர வைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சாமியை வெளியே எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. இன்னொரு தடவை அதே உருவம் வராது. சுவாமிமலையில் இன்றைக்கும் இந்த முறையில்தான் செய்கிறார்கள். ஆகவே சுடரின் சாய்வு, ஒரு விரலின் தேய்மானம், பீடத்தின் சிறு பள்ளம் எல்லாம் நம் கைரேகை மாதிரி. ஒரு தெளிவான படம் இருந்தால் போதும்.

2014 செப்டம்பர் 5ந் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டில்லிக்கு வந்து நடராஜரைப் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் கூடவே வந்தார். ஸ்ரீபுரந்தான் கோயிலின் உமாபரமேசுவரியைச் சிங்கப்பூர் மியூஸியம் ஒன்று 2007ல் 6,50,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தது; அவளையும் திருப்பித் தர 2015ல் சம்மதித்தார்கள். கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012ல் இங்கே கொண்டுவரப்பட்டார். அதே அரியலூர்ப் பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட் அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

கதை சுபமாக முடிந்ததென்று பத்திரிகையை மூடிவிடாதீர்கள். திரும்பி வந்த நடராஜர் எங்கே போனார்? கும்பகோணத்தில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. பல ஊர்ச் சாமிகள் வரிசையாக நிற்கிற கெட்டியான இடம் அது. பூட்டும் காவலும் உண்டு.

நான் இதைச் சொன்னதும் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் பலத்த சர்ச்சை கிளம்பிவிட்டது. "ஊருக்குக் கொண்டாந்தா மறுபடியும் போயிடும். அங்கேயே இருக்கட்டும்" என்றது ஒரு கட்சி. "நகை திருட்டுப் போச்சுன்னு புகார் கொடுத்தேன். போலீஸ் கண்டுபிடிச்சு, 'உங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவே, நாங்களே வச்சுக்கறோம்'னு சொன்னா ஒத்துக்குவியா?" என்று பாட்டியம்மாள் மடக்கினார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாட்டியின் கேள்விக்கு லண்டனில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் 1976ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ஒரு நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். வழக்கு நடந்தது. இடிந்து கிடக்கும் கோயில் கோர்ட்டில் வாதியாக நிற்க முடியுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் கோயிலுக்கும் சாமிக்கும் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதை இங்கேயும் ஒப்புக்கொள்ளலாம் என்று 1991ல் லண்டன் அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்து, சாமியைத் திருப்பி அனுப்பியது. கூரையில்லாத கோயிலுக்கும் தன் சாமிமேல் பாத்தியதை உண்டென்று வெள்ளைக்காரத் துரைமார்களே ஒப்புக்கொண்ட பிறகு, உள்ளூரில் நாம் அந்தப் பாத்தியதையைக் காப்பக ரசீதாக மாற்றி வைத்திருப்பது சரியாகப் படவில்லை.

பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பயம் நிஜம். காப்பகத்துச் சாமிகளைத் திருவிழாவுக்கு ஊருக்கு அழைத்துப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வழக்கமும் இருக்கிறது. தலைதீபாவளிக்கு வந்த பெண்ணை மறுநாளே வண்டி ஏற்றுகிற மாதிரி. ஆனால் இது எத்தனை வருஷத்துக்கு? கோயிலுக்கு ஓர் இரும்பு அறையும், எச்சரிக்கை மணியும், முக்கியமாக ஒரு மனிதரும் கொடுத்துவிட்டுச் சாமியைத் திருப்பித் தரலாமே!

அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. வருமானமில்லாத கோயில்களில் ஒரு வேளையாவது விளக்கெரிய ஒருகாலப் பூஜைத் திட்டம் இருக்கிறது. அந்தக் கோயில் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு 2021ல் வந்தது. அதற்கு முன் அதுவும் இல்லை. உள்ளே நிற்கும் சாமிக்கு வெளிநாட்டில் 20 கோடி விலை. தினம் கதவைத் திறந்து, இருக்கிறாரா என்று பார்க்கிறவருக்கு 2021ல் கிடைத்தது ஆயிரம். களவை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அவர்தான். காமிராவுக்குச் செலவு செய்ய முன்வருகிற தருமவான்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

திருடர்களும் போட்டோ எடுத்துக் கடல் கடந்து அனுப்பித்தான் வியாபாரம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காமிராவுக்குப் பாவ புண்ணியம் தெரியாது. அவர்கள் நமக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். நாம் பல ஊர்களில் இன்னும் எடுக்கவே இல்லை.

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்க யாராவது "பழைய கோயில் விக்கிரகம், மலிவு" என்று கொண்டுவந்தால், எந்த ஊர்க் கோயில் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பாட்டி கொடுத்த குத்துவிளக்கு, பூஜைச் சாமான், காசுமாலை எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள். எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே பற்றவைத்திருக்கிறது என்பதுதான் படத்தில் தெரிய வேண்டும். நாம் வழக்கமாக அதைத்தான் மறைத்து எடுப்போம்!

பல கோயில்களில் உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. ஆனால் உற்சவர் வீதியுலா வரும்போது எடுக்காத குடும்பம் உண்டா? உங்கள் பிறந்த ஊர்த் தேர், திருவாதிரை, பங்குனி உத்திரம் என்று பழைய ஆல்பத்தில் ஏதாவது இருக்கும். அத்தையும் சித்தியும் முன்னால் நிற்க, பின்னால் அலங்காரத்தோடு சாமி நிற்பார். அந்தப் படங்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சில் போதும்.